சமரச ராஜிக்குத் தந்த செக்கும் திரும்பிவிட்டது: இனி என்ன வழி?

குடியாத்தத்தில் விசைத்தறி வைத்துக் கைலி நெய்து விற்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் காலமான பிறகு தொழிலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு நடத்திவருகிறார். ஆற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் இவரிடம் வாங்கிய சரக்குக்கு 6,80,000 ரூபாய் பாக்கி. அதற்கு அவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது. குடியாத்தம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஒன்றரை வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்திருக்கிறார்.

கடந்த மே மாதம் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, 5,40,000 ரூபாய்க்கு ராஜி ஆகியிருக்கிறது. தலா 1,80,000 ரூபாய்க்கு மூன்று செக். மூன்றுமே கடைக்காரருடைய மகனின் கணக்கு, மகனின் கையெழுத்து. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி அப்பா, மகன், வாசகி மூவரும் கையெழுத்திட்டார்கள். அதை நம்பி இவர் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார். ஜூன் மாதச் செக் பாஸ் ஆனது. ஆகஸ்ட் 5 தேதியிட்ட இரண்டாவது செக் திரும்பிவிட்டது. 8-ஆம் தேதி வங்கியில் கொடுத்த மெமோவில் 'பேமெண்ட் ஸ்டாப்டு பை டிராயர்' என்று இருக்கிறது, அதாவது பணம் தர வேண்டாம் என்று செக் கொடுத்தவரே வங்கியிடம் சொல்லி நிறுத்திவிட்டார். மூன்றாவது செக்கின் தேதி அக்டோபர் 5.

மகனிடம் கேட்டால், "அக்கா, வசூல் வரலை. ஒண்ணாம் தேதி நானே பணமா கொண்டுவந்து தந்துடறேன், செக்கைத் திரும்பப் போட்டுடாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது. வாசகியின் கேள்விகள் இவை: பழைய வழக்கைத் திரும்ப எடுத்து முழு 6,80,000 ரூபாயையும் கேட்க முடியுமா? ஸ்டாப் பேமெண்ட் என்றால் செக் கேஸ் நிற்காது என்கிறார்களே? கடன் அப்பாவுடையது, செக் மகனுடையது, யார் மேல் போடுவது? தம்பி சொல்வதுபோல் போலீஸில் புகார் கொடுத்துவிடலாமா?

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் இப்போது அவசரம்.

ஒண்ணாம் தேதிவரை காத்திருக்காதீர்கள்

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் 138-ஆவது பிரிவில் உள்ள நிபந்தனை இது. மெமோ வாங்கிய ஆகஸ்ட் 8-ஐ விட்டுவிட்டு எண்ணினால் செப்டம்பர் 7-ஆம் தேதியோடு கெடு முடிகிறது. ஒண்ணாம் தேதி அவர் வரவில்லை என்று வையுங்கள். "இன்னும் அஞ்சு நாள் அக்கா" என்பார். நீங்களும் சரி என்பீர்கள். கெடு போய்விடும். அவர் இதைத் தெரிந்துதான் செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று ஆராய்வதில் பயனில்லை. இரண்டாக இருந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நோட்டீஸ் அனுப்பினால் உறவு முறிந்துவிடும், வருகிற பணமும் வராது என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. அது அவர் கைக்குப் போன பிறகும் பணம் கட்ட அவருக்கு 15 நாள் இருக்கிறது. அதற்குள் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை, விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அவர் சொல்வதுபோல் ஒண்ணாம் தேதி பணம் கொண்டுவந்தாலும் நோட்டீஸால் அவருக்கு ஒரு கெடுதலும் கிடையாது.

அந்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் புகார் மனு தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஒரு மாதம் தவறினால் தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், நீதிமன்றம் ஏற்கலாம். நோட்டீஸுக்கான 30 நாளுக்கு அந்தச் சலுகை சட்டத்தில் இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏதோ காரணத்தால் 30 நாள் தவறிவிட்டால்? செக்கின் ஆயுள் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம். உங்கள் செக்குக்கு நவம்பர் தொடக்கம்வரை உயிர் இருக்கிறது. அதற்குள் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பினால், அந்தப் புது மெமோவிலிருந்து புதிதாக 30 நாள் எண்ணிக்கொள்ளலாம். 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அதற்கு முன் ஒரு முறை நோட்டீஸ் கொடுத்து, வழக்குப் போடாமல் விட்டவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. ஆனால் இது விழுந்தால் பிடித்துக்கொள்ள இருக்கும் கயிறு. இதை நம்பி இப்போது சும்மா இருக்க வேண்டாம்.

பழைய வழக்கு திரும்ப வராது

உங்களுக்குப் பிடிக்காத பதில்தான். நீங்கள் வாபஸ் வாங்கியதும், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலை செய்யப்பட்டதாக நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கும். சட்டத்தின்படி அதன் விளைவு அதுதான். அதே செக்குக்காக அவரை மறுபடி குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. "ராஜிப்படி நடக்கவில்லை, அதனால் பழைய நம்பரில் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மனுப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாட்கள்தான் போகும்.

அதனால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், ஜிம்பெக்ஸ் எதிர் மனோஜ் கோயல் என்பது அதன் பெயர், 2021-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையைத்தான் அலசியது. ராஜி ஆனவுடன் பழைய புகார் அந்த ராஜிக்குள் அடங்கிவிடுகிறது. ராஜிக்காகத் தந்த செக் திரும்பினால் அது தனிக் குற்றம், அதற்குத் தனி வழக்கு உண்டு. பழையது, புதியது என இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்ட முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம். உங்கள் கையில் இருக்கும் ஆகஸ்ட் 5 செக்கை "ராஜிக்குத் தந்ததுதானே, கடனுக்குத் தந்தது இல்லையே" என்று அவர்கள் தள்ளிவிட முடியாது.

முழு 6,80,000 கேட்க முடியுமா என்றால், செக் வழக்கில் முடியாது. அங்கே கேட்க முடிந்தது திரும்பிய செக்கின் 1,80,000 மட்டுமே. தள்ளுபடி செய்த 1,40,000 ரூபாயைச் சிவிலில் கேட்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. நீங்கள் அனுப்பிய நகலில், 'ஏதேனும் ஒரு காசோலை திரும்பினாலும் பழைய தொகை முழுவதும் வட்டியுடன் உடனே செலுத்த வேண்டும்' என்பது மாதிரி ஒரு வரிகூட இல்லை. 'மேற்படி மூன்று காசோலைகளைப் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொண்டோம்' என்று இருக்கிறது. காசோலையைப் பெற்றதே தீர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். 'காசோலைகள் பணமான பின்' என்று இருந்திருந்தால் கதையே வேறு. இந்த நிலையில் 1,40,000-க்காக வாதாடலாம், ஆனால் அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மீதி 3,60,000 ரூபாயைக் குறிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டாப் பேமெண்ட் கதை

உங்களிடம் இதைச் சொன்னவர் பாதி மட்டும் கேள்விப்பட்டவர். 138-ஆவது பிரிவின் வார்த்தைகளைப் படித்தால் கணக்கில் போதிய பணம் இல்லாததைப் பற்றித்தான் பேசும். ஆனால் செக்கைக் கொடுத்துவிட்டு வங்கியிடம் "பணம் கொடுக்காதே" என்று சொல்வதும், கணக்கையே மூடிவிடுவதும் அதற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது. அப்படி இல்லாவிட்டால் செக் கொடுக்கும் எல்லோரும் மறுநாள் காலை வங்கிக்குப் போய் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அவர் தப்பிக்க ஒரு வழி உண்டு. அன்றைக்குக் கணக்கில் போதிய பணம் இருந்தது, நியாயமான காரணத்துக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். "வசூல் வரலை" என்று அவரே உங்களுக்கு எழுதியிருக்கிறார். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்தப் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அப்பாவின் கடன், மகனின் செக்

நீங்கள் தவறி விழக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கடனாளி அப்பா என்பதால் நோட்டீஸை அப்பாவுக்கு மட்டும் அனுப்பிவிடுவது வழக்கமாக நடக்கிற பிசகு. செக் வழக்கில் மாட்டுவது யாருடைய கணக்கிலிருந்து, யாருடைய கையெழுத்தில் செக் வந்ததோ அவர்தான். இங்கே மகன். நோட்டீஸ் அவர் பெயருக்கு, அவர் சரியான முகவரிக்குப் போக வேண்டும். கடை முகவரி, வீட்டு முகவரி இரண்டுக்கும் அனுப்புங்கள். அப்பாவுக்கும் ஒரு பிரதி போகட்டும், சிவிலுக்கு உதவும். ஆனால் செக் வழக்கில் அவரை எதிரியாகச் சேர்க்க முடியாது.

"நான் அவங்ககிட்ட கடனே வாங்கலையே" என்று மகன் சொல்லக்கூடும். சட்டம் சொல்வது 'ஏதேனும் கடன் அல்லது பிற பொறுப்பு' என்று. இன்னொருவர் கடனைத் தீர்க்கத் தந்த செக்கும் அதில் அடங்கும் என்று ஜாமீன்தாரர் ஒருவரின் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல், உங்கள் ராஜி ஒப்பந்தத்தில் மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாளின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், சமரசம் பேசிய பெரியவர்களிடம்கூட.

நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள 1,80,000 ரூபாயாகவே இருக்கட்டும், ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கோபத்தில் "மொத்தம் 6,80,000-ஐயும் வட்டியோடு கொடு" என்று எழுதினால் நோட்டீஸே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிட வழி கிடைக்கும். செக் நம்பர், தேதி, வங்கி, மெமோ தேதி எல்லாவற்றையும் மெமோவைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். தபால் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் செக்கோடு சேர்த்து வையுங்கள். செக்கில் பின் குத்த வேண்டாம், ஒரு கவருக்குள் போட்டு வைத்தால் போதும். கவர் "ஆள் இல்லை", "வாங்க மறுத்தார்" என்று திரும்பிவந்தால் பிரித்துவிடாதீர்கள். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூடிய அந்தக் கவர்தான் உங்கள் சாட்சி.

வழக்கை எங்கே போடுவது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே நீங்கள் போக வேண்டியதில்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைப் பெற்றவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றம்தான். உங்கள் கணக்கு குடியாத்தத்தில், வழக்கும் குடியாத்தத்தில். நீங்கள் வேலூருக்குப் போனபோது அங்குள்ள கிளையில் செக்கைப் போட்டிருந்தாலும் இது மாறாது.

என்ன கிடைக்கும்?

குற்றம் நிரூபணமானால் இரண்டு வருடம்வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்திலிருந்து உங்களுக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிடுவார்கள். கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் செக் தரப்பட்டது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. எதிரி குற்றத்தை மறுத்த பிறகு, செக் தொகையில் 20 சதவீதம்வரை, உங்கள் கணக்கில் 36,000 ரூபாய்வரை, இடைக்கால இழப்பீடாகக் கேட்கலாம். 2018-இல் வந்த ஏற்பாடு இது. கேட்டவுடன் கிடைத்துவிடாது, நடுவர் வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவு செய்வார். இருந்தாலும் கேட்டு மனுப் போடாமல் விடாதீர்கள்.

ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் முதல் வழக்கு ஒன்றரை வருடம் ஓடியதைப் பார்த்தவர் நீங்கள், நான் என்ன சொல்ல? முதல் விசாரணையைப் பிரமாணப் பத்திரமாகவே கொடுக்கலாம் என்பதால் அலைச்சல் கொஞ்சம் குறையும். ஆனால் வாய்தாவுக்குப் போகாமல் இருந்து, வக்கீலும் மனுப் போடாமல் விட்டால் வழக்குத் தள்ளுபடியாகி எதிரி விடுதலை ஆகிவிடுவார்.

போலீஸ் வேண்டாம்

தம்பியின் யோசனையைப் புரிந்துகொள்கிறேன். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரு அதட்டல் போட்டால் பணம் வந்துவிடும் என்பது நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. செக் குற்றத்தில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது. நீங்கள்தான் நடுவரிடம் நேரடியாகப் புகார் கொடுக்க வேண்டும். மோசடி என்று புகார் கொடுக்கலாம் என்பார்கள். அதற்கு ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். முதல் தவணை 1,80,000 பாஸ் ஆகியிருக்கும்போது அதைக் காட்டுவது கஷ்டம். எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, அதற்குள் 30 நாளைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

சிவில் வழக்கு தனியாக

செக் வழக்கு நடக்கும்போதே பணத்துக்காகச் சிவில் வழக்கும் போடலாம், தடையில்லை. இங்கே அப்பா, மகன் இருவரையும் பிரதிவாதியாக்கலாம். செக்கும் எழுத்து ஒப்பந்தமும் இருப்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளையின்படி சுருக்கமுறை வழக்காகப் போடும் வாய்ப்பையும் வக்கீலிடம் கேளுங்கள். அதில் எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், வழக்கு இழுபடுவது குறையும்.

காலக்கெடு மூன்று வருடம். பில்கள் பழையதாகிவிட்டனவே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். மே மாத ஒப்பந்தத்தில் அப்பா அதைத்தான் செய்திருக்கிறார். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 3 சதவீதம், 3,60,000-க்கு 10,800 ரூபாய். முன்பு 7.5 சதவீதமாக இருந்ததை 2017-இல் குறைத்தார்கள்.

வக்கீல் செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் கட்டணமும் அதில் அடக்கம். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். தறி ஓட்டி நாலு பேருக்கு வேலை கொடுக்கும் நாம் போய் இலவசம் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

மறுபடி பேச வந்தால்

வருவார்கள். நோட்டீஸ் போனதும் அதே பெரியவர்களை அழைத்துக்கொண்டு வருவார்கள். பேசுங்கள், ராஜி தவறில்லை. ஆனால் இந்த முறை முத்திரைத்தாளோடு நிறுத்தாதீர்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், வைத்து முடியுங்கள். அங்கே பதிவாகும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், செக் வழக்கிலிருந்து போன சமரசமாக இருந்தாலும் அப்படித்தான் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. தவணை தவறினால் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று மனுப் போட்டுச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். மே மாதம் நீங்கள் வெளியே பேசி முடிக்காமல் அங்கே போயிருந்தால் இன்று உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது. தவறு உங்களுடையது மட்டும் இல்லை, உங்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சமரசத்தில் 'ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் வட்டியோடு' என்ற வரி இருக்கட்டும். முதல் தவணையைக் கணக்கில் நேரடியாகப் போடச் சொல்லுங்கள். முழுப் பணமும் வரும்வரை வழக்கை வாபஸ் வாங்க வேண்டாம். இடையில் அவர் 50,000 கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது கொடுங்கள், அப்புறம் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள். பாதிப் பணம் வாங்கியதைக் குறிக்காமல் அதே செக்கை முழுத் தொகைக்கு மறுபடி வங்கியில் போட்டால் வழக்கு நிற்காது.

மூன்றாவது செக்கை அக்டோபர் 5-ஆம் தேதி வந்ததும் வங்கியில் போட்டுவிடுங்கள். "இதையும் போட்டுடாதீங்க அக்கா" என்று செய்தி வந்தாலும் போடுங்கள். திரும்பினால் அதற்குத் தனி மெமோ, தனி நோட்டீஸ், தனி 30 நாள். இரண்டாவது செக்குக்கு அனுப்பிய நோட்டீஸ் இதற்குச் செல்லாது.